ஒரு செட் ஜப்பான் பாட்டு

சேலத்தில் பொழுது சாயும் நேரத்தில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் தட்டு வடை செட் வண்டி ஒன்று கண்ணில் படும். பிஸ்கட் அளவில் ஒரு வடை. அதன்மேல் காரச் சட்னி ஒரு தடவல். துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம் ஒரு கிள்ளு. பச்சைச் சட்னி தடவிய இன்னொரு வடையால் மூடி, தட்டில் அடுக்கித் தருவார்கள். முழுதாக வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். பிய்த்துத் தின்றால் அது செட் ஆகாது.

அப்படி ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் என் அக்கா மகன் கேட்டான். திருச்செங்கோட்டில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன். டோரேமான், ஷின்சான் என்று ஜப்பான் கார்ட்டூனான அனிமேக்களைத் தமிழில் பார்த்து வளர்ந்து, நருட்டோவையும் தமிழில் பார்த்து, 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படத்தைத் தியேட்டரில் தமிழிலேயே பார்த்துவிட்டு வந்தவன்.

"மாமா, ஜப்பான் பேண்டுல நல்லதா நாலு சொல்லுங்க. ஆம்பளைங்க கேக்கற மாதிரி, வெயிட்டா இருக்கணும்."

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சேலத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவன். ஆட்கள் பாட்டு லிஸ்ட்டைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பதினொன்று, பன்னிரண்டு பாட்டு பிடிக்கும். லிஸ்ட்டில் ஒன்பதுதான் இருக்கும். மீதியை நாங்கள் பார்த்து நிரப்ப வேண்டும். அந்த மீதி மூன்று பாட்டில்தான் கடையின் பேர் நிற்கும். அன்று எங்கள் கைக்கு வந்த வெற்று கேசட்டில் நல்லது டிடிகே. 1935இல் டோக்கியோவில் தொடங்கிய கம்பெனி. பாட்டு கேட்ட பெட்டி பல வீடுகளில் நேஷனல் பானாசோனிக். ஜப்பான் எங்களுக்கு வெறும் நாடாவாகவும் பெட்டியாகவும் வந்தது. அதில் இளையராஜாவை நிரப்பிக்கொண்டோம். அந்த நாட்டுக்காரர்கள் என்ன பாடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே பல வருஷம் ஆயிற்று.

பாட்டைப் பரிந்துரைப்பது எப்படி இயங்குகிறது என்று அன்று அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சமையல்கட்டு வழியாகப் போனால் எனக்குச் சுலபம்.

முதல் வேலை, எதிரில் இருப்பவர் நாக்கில் ஏற்கெனவே என்ன ருசி ஊறியிருக்கிறது என்று பார்ப்பது. "உங்களுக்கு ராக் பிடிக்குமா, பாப் பிடிக்குமா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. விருந்தாளியிடம் "உங்களுக்குக் கார்போஹைட்ரேட் பிடிக்குமா?" என்று யாராவது கேட்பார்களா? கடையில் நான் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாட்டை ரீவைண்ட் பண்ணிக் கேப்பீங்க?" சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர்கள் நிறையப் பேர் வருவார்கள். மீசையும் குரலும் பார்த்தால் சண்டைப் படப் பாட்டாகக் கேட்பார்கள் போலிருக்கும். அவர்கள் ரீவைண்ட் செய்தது அத்தனையும் அழுகிற பாட்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக ஸ்டியரிங் பிடிக்கிற மனிதனுக்கு எது துணை என்று அவனுக்குத் தெரியும். சோகப் பாட்டுக்கென்றே தனிக் கேசட் போட்டு வாங்கிப் போவார்கள். "ஆம்பளைங்க கேக்கற மாதிரி" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கேசட்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அக்கா மகனிடமும் அதையே கேட்டேன். கொஞ்சம் தயங்கி, நருட்டோ ஷிப்புடெனின் மூன்றாவது தொடக்கப் பாட்டு என்றான். இகிமோனோகாகரி குழு 2008இல் போட்ட 'ப்ளூ பேர்ட்'. பாடியவர் யோஷியோகா கியோயே, பெண். வெயிட்டாகக் கேட்டவன் வாயில் முதலில் ஊறியிருந்த ருசி அது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பாட்டு அவனைப் பிடித்ததற்குக் காரணம் பாட்டின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

ஜப்பான் பாப் பாட்டை மூன்று தட்டாக அடுக்குவார்கள். முதல் பகுதி ஏ மெலோ, அடுத்தது பி மெலோ, உச்சம் சபி. சபி என்கிற சொல் வசாபியிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. மூக்கில் ஏறும் அந்தப் பச்சைக் காரத்தை நினைத்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஏ மெலோ அடி வடை: மொறுமொறுப்பு மட்டும், அதிக ருசி கிடையாது. பி மெலோவில் காய்த்துருவல் விழுகிறது. தாளம் கொஞ்சம் தளரும், அல்லது இறுகும், என்னவோ வரப்போகிறது என்று நாக்கு எதிர்பார்க்கும். பிறகு சபி, காரம்.

நம் பாட்டு நேர்மாறு. பல்லவியை முதலிலேயே கையில் கொடுத்துவிடுவோம். சரணத்துக்குப் போய்ப் போய்ப் பல்லவிக்குத் திரும்புவோம். பந்தியில் இலை போட்டதும் இனிப்பு வைப்பது மாதிரி. அப்படிப் பழகிய காதுக்கு ஜப்பான் பாட்டைப் போட்டால், முப்பது வினாடியில் "என்ன மாமா, ஒண்ணும் வரல" என்று தள்ளிவிடுவார்கள். வடை மட்டும் கடித்துவிட்டுச் செட் நன்றாயில்லை என்பது போலத்தான். 'ப்ளூ பேர்ட்' எடுத்த எடுப்பில் சபியில் தொடங்குகிறது. பல்லவி முதலில் வரும் பாட்டு. நம் காது வாசலிலேயே அதற்கு நாற்காலி போட்டுவிடும்.

அதனால் புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அனிமே தொடக்கப் பாட்டிலிருந்து ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்றரை நிமிஷத்துக்குள் ஏ, பி, சபி மூன்றும் வந்தாக வேண்டும். ஒரே கடிக்கு அடங்கும் செட். ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷனின் 'ஹருகா கனாதா', கானாபூனின் 'சில்லுவெட்' என்று ஐந்தாறு கேட்டபின் முழுப் பாட்டைக் கொடுத்தால், சபிக்காகக் காத்திருக்கக் காது பழகியிருக்கும்.

அடுத்தது, மாவு. இது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நின்று போகிறேன்.

1970 வாக்கில் ஜப்பான் இசைக்காரர்களிடையே ஒரு வாதம் நடந்தது. ராக் இசை ஜப்பானிய மொழியில் உட்காருமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று. ஆங்கிலம் மைதா. அழுத்தம் வரும் இடத்தில் இழுத்து, வராத இடத்தில் சுருட்டிக்கொள்ளலாம், பரோட்டா மாதிரி. ஜப்பானிய மொழி அரிசி மாவு. இழுத்தால் விண்டுபோகும். ஒவ்வொரு மாத்திரையும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் எடுக்கும். டோக்கியோ என்ற பெயரைத் தோ, ஓ, க்யோ, ஓ என்று நான்காக எண்ணுவார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை படித்த நமக்கு இது உடனே புரியும். ஹாப்பி எண்ட் என்ற குழு 1971இல் 'கஸெமாச்சி ரோமான்' என்ற ஆல்பத்தில் இதற்கு ஒரு பதில் கொடுத்தது. ஹோசோனோ ஹருவோமி, ஓதாகி எய்ச்சி, மட்சுமோட்டோ தகாஷி, சுசுகி ஷிகெரு என்று நான்கு பேர். மாவை இழுக்கும் முயற்சியை விட்டுவிட்டார்கள். தட்டினார்கள். நெடிலை நெடிலாகவே நிற்கவிட்டு, தாளத்தை அதற்கேற்ப நடக்கவைத்தார்கள். தட்டு வடைக்கும் அதுதானே பெயர்!

ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வினைச்சொல் கடைசியில் வருவதும், குறில் நெடில் அளவு கெடாமல் பாடுவதும் தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை. பொருள் தெரியாமலே அக்கா மகன் இரண்டாம் நாளே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான்.

அதே ஹோசோனோ இந்தியாவுக்கு வந்துபோய் 1978இல் 'கொச்சின் மூன்' என்ற ஆல்பம் போட்டார். ஓவியர் யோகோவோ தடனோரியும் அதில் கூட்டு. கடைசிப் பாட்டின் பெயர் 'மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்'. முழுக்க மின்னணு ஒலி, எல்லோருக்கும் இறங்காது. ஆனாலும் நம் தலைநகரின் பழைய பெயர் அப்படி ஓர் இடத்தில் கிடப்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இனி இனிப்பும் புளிப்பும். ஜப்பான் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கார்டு வரிசை, அதாவது ஸ்வரக்கூட்டு வரிசை, உண்டு. அவர்கள் அதை 'ராஜபாட்டை' என்ற பொருளில் அழைக்கிறார்கள். நம் ஸ்வரக் கணக்கில் சொன்னால் ம, ப, க, த என்று நடக்கும். ச எங்கே என்று தேடுங்கள். இல்லை! வீட்டைச் சுற்றி நான்கு தெருவும் நடந்துவிட்டு வாசற்படி ஏறாமல் நிற்கிறது. அதனால் சந்தோஷமும் ஏக்கமும் ஒன்றாகக் கலந்து நிற்கும். சேலத்து மாங்காயைச் செங்காய்ப் பருவத்தில் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றவர்களுக்கு இந்த ருசி தெரியும். பழமும் இல்லை, காயும் இல்லை. ஸ்பிட்ஸ் குழுவின் 'ராபின்சன்' பாட்டில் சபி வரும்போது இதைக் கேட்கலாம். 1995இல் வந்தது. எஸ்.பி.பி.யின் மெல்லிய பாட்டுகளை ரீவைண்ட் செய்கிற, ஐம்பது தாண்டிய என் நண்பர் ஒருவருக்கு முதலில் கொடுத்தது இதுதான். அவர் கிட்டார் என்ற சொல்லையே சந்தேகத்தோடு பார்ப்பவர். இப்போது ஸ்பிட்ஸை விட மாட்டேன் என்கிறார்.

மூன்றாம் நாள் அக்கா மகனிடமிருந்து நான் எதிர்பார்த்த புகார் வந்தது. "மியூசிக் சூப்பர் மாமா. ஆனா பாடறவன் பொண்ணு மாதிரி பாடறான்."

ஆண்களுக்கு ஜப்பான் பாட்டைக் கொடுக்கும்போது தட்டு கவிழ்கிற இடம் இதுதான். ராட்விம்ப்ஸின் நோடா யோஜிரோ, ஒஃபிஷியல் ஹிகே டான்டிஸத்தின் ஃபுஜிஹாரா சதோஷி, கிங் நூவின் இகுச்சி சதோரு என்று எடுத்துக்கொண்டால் எல்லோருமே மேல் ஸ்தாயியில் சஞ்சரிப்பவர்கள். காரணம் சமையல்கட்டில் தெரியும். குழம்பு கொதிக்கிற சட்டியில் தாளிப்பு மேலே மிதக்க வேண்டும். இரண்டு கிட்டார், பாஸ், டிரம் சேர்ந்து அடியையும் நடுவையும் அடைத்துவிட்டால் குரலுக்கு மிச்சம் இருக்கும் இடம் மேல்தளம் ஒன்றுதான். கனமான சத்தத்தின்மேல் கனத்த குரலை வைத்தால் இரண்டும் கலந்து கூழாகும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம் என்ற கணக்கு இங்கேயும் நடக்கிறது.

அவனுக்கு நான் வேறொன்றையும் சொன்னேன். மைக் வராத காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்று எஸ்.ஜி. கிட்டப்பா எவ்வளவு உயரத்தில் பாடினார் என்று. அதே வழியில் வந்து சினிமாவில் கோலோச்சிய தியாகராஜ பாகவதர், 1944இல் வந்து மூன்று தீபாவளி பார்த்த 'ஹரிதாஸ்' படத்தின் நாயகன். அந்தக் குரலைக் கேட்டு அவரை ஆண்மை குறைந்தவர் என்று எவரும் சொன்னதில்லை. டி.எம்.எஸ்.ஸின் கம்பீரம் நம் காதில் ஆண் குரலுக்கு அளவுகோலாக உட்கார்ந்தது அதற்கப்புறம்தான். அதாவது உன் கொள்ளுத்தாத்தாவுக்கு இந்த ஜப்பான்காரர்களின் குரல் புதிதாக இருந்திருக்காது என்றேன். பாகவதர் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கி அந்தப் பாட்டை மறுபடி ஓட்டினான்.

எக்ஸ் ஜப்பானைக் காட்டியபோதும் இதே தயக்கம், இம்முறை கண்ணுக்கு. யோஷிகியும் தோஷியும் 1982இல் தொடங்கிய குழு. தலைமுடியைக் கூரைக்கு நிமிர்த்தி, முகத்தில் பெண்களைப் போல் மை தீட்டிக்கொண்டு, டிரம்மை உடைத்துவிடுவது போல அடிப்பார்கள். 1993இல் இருபத்தொன்பது நிமிஷம் ஓடும் ஒற்றைப் பாட்டை ஓர் ஆல்பமாகவே வெளியிட்டார்கள். ஓமலூர், எடப்பாடிப் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த மை அதிர்ச்சி தராது. அரிதாரம் பூசி, கூந்தல் வைத்துத் திரௌபதியாக ஓர் ஆண் வந்து நிற்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இந்த மண்ணில் வேஷம் கட்டுவது மரியாதையான காரியம்.

பெயரில் மீசை உள்ள குழுவும் உண்டு. ஒஃபிஷியல் ஹிகே டான்டிஸத்தில் வரும் 'ஹிகே' என்றால் மீசை தாடி. மீசை தாடி எடுப்பாக அமையும் வயது வந்த பிறகும் மனசைத் துள்ளவைக்கும் இசையை இதே ஆட்களோடு செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக வைத்த பெயராம். 2012இல் ஷிமானே என்ற ஒதுங்கிய மாவட்டத்தில் தொடங்கினார்கள். டோக்கியோவிலிருந்து தள்ளியிருக்கும் ஊர். நாமக்கல்லில் உட்கார்ந்து சென்னையை நினைக்கிறவர்களுக்கு அந்தத் தூரம் புரியும். 2019இல் வந்த அவர்களது 'பிரிடெண்டர்' காதலில் தனக்கு அந்த இடம் இல்லை என்று ஒப்புக்கொள்கிற ஆணின் பாட்டு. லாரி டிரைவர்களின் சோகக் கேசட்டில் பத்தாவது பாட்டாக நான் அன்றே இதைப் போட்டிருப்பேன்.

பரிமாறும் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் உறவுக்காரர் ஒருவருக்கு நான் கொடுத்தது தி ப்ளூ ஹார்ட்ஸ். 1985இல் தொடங்கிய குழு, கார்டு மூன்று, நாலு, தொண்டை கிழியக் கத்தல், சுற்றி வளைக்காத பாட்டு. இரும்பு அடிக்கும் சத்தத்துக்கு மேல் அது நிற்கும். கல்யாணத்துக்கு பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறவருக்கு டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஊதுகிறவரின் காது ஊதுகிறவர்களைக் கண்டுகொண்டது. இரவில் விழித்துப் படிக்கிற விடுதிப் பையன்களுக்கு ஒன் ஓகே ராக் பொருந்தும். வார இறுதியில் ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஸ்டுடியோ வாடகை குறைவு என்று அந்த நேரத்தில் ஒத்திகை பார்த்தவர்கள், அந்த ஒரு மணியையே பெயராக்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் எல், ஆர் இரண்டும் ஜப்பானிய வாயில் ஒன்றாகிவிடுவதால் 'ஒன் ஓ கிளாக்' 'ஒன் ஓகே ராக்' ஆயிற்று. ஆண்களுக்கு ஆண்கள் குழு மட்டும்தான் என்று வேலி போடவும் வேண்டாம். 1981இல் ஒசாகாவில் பெண்கள் தொடங்கிய ஷோனென் நைஃப் தின்பண்டங்களைப் பற்றியே எத்தனையோ பாட்டு போட்டிருக்கிறது. சேலத்துக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

போனில் இருக்கும் செயலிகளும் பரிந்துரைக்கின்றன. அவை பெரும்பாலும் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று பக்கத்துத் தட்டுகளைப் பார்ப்பது ஒன்று. பாட்டின் வேகம், ஒலி, வாத்தியம் எல்லாவற்றையும் அளந்து, அதே பக்குவத்தில் இன்னொன்றை எடுப்பது மற்றொன்று. இரண்டுமே உபயோகமானவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அக்கா மகனின் போனில் நருட்டோவுக்குப் பின் நருட்டோவாகவே வந்துகொண்டிருந்தது. ஒருமுறை முறுக்கு வைத்த செட் வாங்கியவனுக்கு ஆயுசுக்கும் அதே முறுக்கு செட். தட்டு வடை வண்டிக்காரம்மா அப்படிச் செய்வதில்லை. காரம் ஏறி முகம் சிவந்தவரைப் பார்த்தால் அடுத்த வடையில் பீட்ரூட்டைக் கூட்டிவிடுவார். நான் முகத்தைப் பார்ப்பதும் அதற்குத்தான்.

கடைசியாக, தெளியவிடுவது. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கிழங்கை அரைத்து வடித்த பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுச் சும்மா விட்டுவிடுவார்கள். மாவு தானாக அடியில் படியும். அவசரப்பட்டுக் கலக்கினால் மறுபடி பாலாகிவிடும். பாட்டைக் கொடுத்துவிட்டு மறுநாளே "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது தொட்டியில் கைவிட்டுக் கலக்குவது.

ஒரு வாரம் கழித்து அவனுக்கு ஒரு பழைய பாட்டை அனுப்பினேன். 1961இல் சகாமோட்டோ க்யூ பாடியது. பெயருக்கு அர்த்தம் 'அண்ணாந்து பார்த்து நடப்போம்'. கண்ணீர் கீழே சிந்தாமலிருக்க ஓர் ஆண் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். மெட்டின் பெரும்பகுதி நம் மோகனத்து ஸ்வரங்கள்தான். இங்கிலாந்தில் இதன் பெயர் வாயில் நுழையாது என்று 'சுகியாகி' என்று மாற்றிவிட்டார்கள். இறைச்சியும் காயும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ஜப்பானியச் சாப்பாடு அது; பாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் 1963இல் அந்தச் சாப்பாட்டுப் பெயரோடு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று.

நான்கு நாள் எந்தத் தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் ராத்திரி விடுதியிலிருந்து எழுதியிருந்தான்: "மாமா, அந்த விசில் அடிக்கறவர் பாட்டு வேற இருக்கா?" கிட்டார் முழக்கம் இல்லை, கனம் இல்லை, கேட்ட வெயிட்டில் ஒரு கிராமும் இல்லை. 1963இல் அவர் பாடிய இன்னொன்றைத் தேடி எடுத்தேன். இரவு நட்சத்திரங்களை அண்ணாந்து பாருங்கள் என்று பெயர் அதற்கு. அனுப்பிவிட்டேன். எப்படி இருந்தது என்று இன்னும் கேட்கவில்லை.